வரையறுக்கப்படாத மாறியும் நினைவகமும்: ஸ்கிரிப்ட் மொழிகளின் வரலாறு பற்றி ஒரு நோக்கு

கணனி மொழிகளின் வரலாறு இதுகாலவரை பெரும்பாலும் ஆக்கியோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இன்ன ஆண்டில் இன்னார் இன்ன மொழியை ஆக்கினார், அது முந்திய மொழியிலும் பார்க்க இன்னின்ன வகையிற் சிறந்தது, அதனை அடுத்து இன்னொன்று தோன்றிற்று என்றவாறு செல்லும் அவ்வரலாறு, புலவர் சரிதங்களை அடுக்கி அதனையே இலக்கிய வரலாறென வழங்கிய பழைய முறையை நினைவூட்டுகின்றது. ஒரு மொழியின் விதி ஏன் அவ்வாறு அமைந்தது, அதனால் எவருடைய உழைப்புக் குறைந்தது, எவருடைய உழைப்புக் கூடியது என்ற வினாக்கள் அங்கு எழுவதில்லை. இக்கட்டுரையில் நாம் மிகச் சிறியதொரு விதியை எடுத்துக்கொண்டு அவ்வினாக்களை எழுப்ப முயல்கின்றோம். பெறுமானம் எதுவும் இடப்படாத மாறியை ஸ்கிரிப்ட் மொழிகள் எவ்வாறு நடத்துகின்றன, அதற்கென நினைவகத்தில் எவ்வளவு இடத்தைச் செலவிடுகின்றன என்பதே அவ்விதியின் பொருளாகும்.

ஸ்கிரிப்ட் மொழி என்பது, முன்கூட்டியே இயந்திர மொழிக்கு மாற்றி வைக்கப்படாது, இயங்கும் வேளையிலேயே வாசித்து நிறைவேற்றப்படும் நிரல்களை எழுதவென வளர்ந்த மொழிகளைக் குறிக்கும். ஓக், பேர்ள், பைதன், லூவா, பி.எச்.பி., ஜாவாஸ்கிரிப்ட் என்பன அவற்றுட் சில. இவற்றில் ஒரு மாறியின் தரவு வகையை முன்னரே அறிவிக்க வேண்டியதில்லை. இந்தச் சலுகையே நமது வினாவின் தோற்றுவாயாகும்.

1

மாறி என்பது மூன்று கூறுகளின் சேர்க்கை: ஒரு பெயர், அப்பெயருக்கென நினைவகத்தில் ஒதுக்கப்பட்ட இடம், அவ்விடத்தில் உள்ள பெறுமானம். ஆகவே இன்மையும் ஒன்றன்று. பெயரே இல்லாதிருக்கலாம், பெயர் இருந்தும் இடம் இல்லாதிருக்கலாம், இடம் இருந்தும் பெறுமானம் இல்லாதிருக்கலாம். இவை மூன்றுக்கும் புறம்பாக, 'இங்கு ஒன்றுமில்லை' என்று ஒருவர் அறிந்தே எழுதி வைத்த நிலையும் உண்டு.

இன்மைகள் பல என்ற கருத்து நமது வாசகருக்கு அந்நியமானதன்று. தருக்க நூலார் இன்மையை அபாவம் எனத் தனியொரு பதார்த்தமாகக் கொண்டு, முன்னபாவம், அழிவுபாட்டபாவம், என்றுமபாவம், ஒன்றினொன்றபாவம் என நான்காக வகுத்தனர். கணனியின் நுட்பங்களை நம் முன்னோர் அறிந்திருந்தனர் எனப் பழம்பெருமை பேசுவதற்காக இதனைக் கூறினோமல்லேம். அவ்வாறு பேசுவது வரலாற்று உணர்வின்மையின் வெளிப்பாடாகும். தருக்க நூலாருக்கு அபாவம் அறிவு பற்றிய பிரச்சினை. கணனி மொழிகளுக்கோ அது இடம் பற்றிய பிரச்சினையுமாகும். கணனியில் இன்மையைக் குறிப்பதற்கும் ஓர் அடையாளம் வேண்டும். அவ்வடையாளத்துக்கு இடம் வேண்டும். இடத்துக்கு விலை உண்டு.

2

நினைவகம் அரிதாயிருந்த காலத்தை முதலில் நோக்குவோம். ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜோன் பக்கஸ் தலைமையில் இயங்கிய குழுவினர் 1957 இல் போர்ட்ரான் மொழியை வெளியிட்டனர். அது எழுந்த 704 ஆம் இலக்க இயந்திரத்தின் காந்த வளைய நினைவகம், 36 பிற்றுக்கள் கொண்ட 4096 சொற்களிலிருந்து 32768 சொற்கள் வரை கொள்ளத்தக்கதாக இருந்தது. போர்ட்ரானில் மாறியை அறிவிக்க வேண்டியதில்லை. பெயரின் முதலெழுத்து ஐ முதல் என் வரையான ஆறு ஆங்கில எழுத்துக்களுள் ஒன்றாயின் அது முழுவெண், ஏனையவாயின் தசமத்துடன் கூடிய எண் எனக் கொள்ளப்பட்டது. பெறுமானம் இடாத மாறி எதனைக் கொண்டிருக்கும் என்பதற்கு உத்தரவாதமெதுவும் இருக்கவில்லை. அந்த இடத்தில் முன்னர் ஓடிய வேலையின் எச்சமும் கிடக்கலாம்.

இது கவனக்குறைவால் நேர்ந்ததன்று. இடத்தைத் துடைத்து வைப்பதற்கு இயந்திர நேரம் வேண்டும். அந்நேரம் மனித நேரத்திலும் பார்க்க விலையுயர்ந்ததாக இருந்தது. எனவே, துடைக்கும் பொறுப்பு நிரல் எழுதுவோரின் அவதானத்தின் மீது சுமத்தப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் றிச்சி ஆக்கிய சி மொழியிலும் இந்நிலையின் தொடர்ச்சியைக் காணலாம். நிரல் முழுவதற்கும் நிலைத்திருக்கும் மாறிகள் அங்கு பூச்சியமாகத் தொடங்கும்; ஒரு சார்பு அழைக்கப்படும்போது தோன்றி, அது முடிவுற மறையும் மாறிகள் எச்சத்துடனேயே தொடங்கும்.

இன்மைக்கென ஒரு பெயரைத் தந்த மரபும் இதே காலத்திலேயே தோன்றியது. 1958 முதல் ஜோன் மக்கார்த்தி உருவாக்கிய லிஸ்ப் மொழியில் 'நில்' என்பது வெறுமையான பட்டியலையும் பொய்மையையும் ஒருங்கே குறித்தது. 1965 இல் அல்கோல் டபிள்யூ எனும் மொழிக்காக ரொனி ஹோர், எப்பொருளையும் சுட்டாத வெற்றுச் சுட்டு என்ற கருத்தைப் புகுத்தினார். நடைமுறைப்படுத்த எளிதாயிருந்தமையாலேயே அவ்வாறு செய்ததாகவும், அது நூறு கோடி டொலர் பெறுமதியான தமது தவறு எனவும் 2009 இல் இலண்டனில் நிகழ்ந்த மாநாடொன்றில் அவரே கூறினார். இன்மையின் விலையைப் பணத்தில் மதிப்பிட்ட அக்கூற்று நமது நோக்குக்கு அணுக்கமானது. ஆயினும், அவ்விலையைச் செலுத்தியோர் யார் என்பதை அது கூறவில்லை.

3

1964 இல் ஐக்கிய அமெரிக்காவின் டாட்மத் கல்லூரியில் ஜோன் கெமெனியும் தோமஸ் கேர்ட்ஸும் பேசிக் மொழியை உருவாக்கினர். கணிதமோ விஞ்ஞானமோ பயிலாத மாணவரும் கணனியைக் கையாள வேண்டும் என்பது அவர்களின் நோக்கம். மாறியின் பெயர் ஓர் எழுத்தாகவோ, ஓர் எழுத்தும் ஓர் இலக்கமுமாகவோ இருக்கலாம். எனவே இயலக்கூடிய பெயர்கள் மொத்தம் 286 மாத்திரமே.

இம்மொழி 1970களின் பிற்பகுதியில் வீட்டுக் கணனிகளுக்கு வந்தபோது நினைவகப் பிரச்சினை மீண்டும் கூர்மையடைந்தது. 6502 எனும் நுண்செயலிக்கென மைக்றோசொவ்ற் நிறுவனம் எழுதிய பேசிக் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. 1982 இல் வெளிவந்த கொமடோர் 64 இல் இதனையே பயன்படுத்தினர். நிரலுக்கென அங்கு எஞ்சியது 38911 பைற்றுக்கள். ஒரு தனி மாறிக்கு 7 பைற்றுக்கள் வேண்டும்: பெயருக்கு 2, பெறுமானத்துக்கு 5. இதுவரை தோன்றாத ஒரு மாறியை நிரல் வாசிக்க முற்படின் என்ன நிகழும்? மொழிமாற்றி அதற்கென இடம் ஒதுக்குவதில்லை. நிலையாக வைக்கப்பட்டுள்ள ஒரேயொரு பூச்சியத்தின் முகவரியை அளித்துவிடும். ஆயிரம் அறியாப் பெயர்களை வாசித்தாலும் அவை யாவும் அந்த ஒரு பூச்சியத்தையே பகிர்ந்துகொள்ளும். ஒரு பைற்றேனும் செலவாகாது. பெறுமானம் இடும்போதுதான் 7 பைற்றுக்கள் செலவாகும்.

ஆனால், இச்சிக்கனம் அணிகளுக்குப் பொருந்தவில்லை. அளவு அறிவிக்கப்படாத ஓர் அணியின் உறுப்பொன்றைத் தொட்டவுடனேயே, பூச்சியம் முதல் பத்து வரை 11 உறுப்புக்கள் கொண்ட அணியொன்று உருவாகிவிடும். தசம எண்களாயின் உறுப்புக்களுக்கு மட்டும் 55 பைற்றுக்கள். ஒரே மொழியில், ஒரே இயந்திரத்தில், ஓர் இன்மைக்குச் செலவில்லை. இன்னோர் இன்மைக்கோ செலவுண்டு. தொடக்கநிலையாளரின் நிரல் இடையில் நின்றுவிடலாகாது என்பதே இவ்விரண்டுக்கும் பொதுவான நோக்கமாகும். பிழையைச் சுட்டிக்காட்டுவதற்குப் பதிலாக, பூச்சியம் என்று கூறி மொழி மேலே செல்லும். பெயரொன்றைப் பிழையாகத் தட்டியவர் தம் பிழையை விடையிலிருந்துதான் அறியவேண்டும்; விடை நம்பத்தக்கதாகத் தோன்றினால் அதனையும் அறியமாட்டார்.

4

ஸ்கிரிப்ட் மொழிகளின் தனிமரபு தெளிவுபெறுவது 1977 இல் எனலாம். அவ்வாண்டில் பெல் ஆய்வுகூடத்தில் ஆல்பிரட் ஏஹோ, பீற்றர் வைன்பேர்கர், பிரையன் கேர்னிகன் ஆகிய மூவரும் ஓக் மொழியை ஆக்கினர். வரிவரியாக அமைந்த பதிவேடுகளை வாசித்துக் கூட்டவும் தேர்ந்தெடுக்கவும் பயன்படும் மொழி அது. பெறுமானம் இடப்படாத மாறி அங்கு எண்ணாகக் கொள்ளப்படுமிடத்துப் பூச்சியம். எழுத்துத் தொடராகக் கொள்ளப்படுமிடத்து வெறுந்தொடர். மூல நடைமுறையாக்கத்தில் ஒவ்வொரு கலமும் ஓர் எண்ணுக்கும் ஒரு தொடருக்கும் தனித்தனி இடங்களை வைத்திருந்தது. இடப்படாத மாறி இவ்விரு இடங்களையும் நிரப்பிக்கொண்டு, வேண்டியோர்க்கு வேண்டியவாறு தோற்றமளித்தது.

இதன் பயன் பெரிது. கூட்டுத்தொகையொன்றைத் தொடக்கத்திற் பூச்சியமாக்கும் வரி தேவையற்றுப் போயிற்று. சொற்களை எண்ணும் நிரலை ஓரிரு வரிகளில் எழுத முடிந்தது. ஓக்கின் ஆணிவேரான வசதி இதுவே.

ஆனால் அணிகளில் இதற்கு வேறொரு முகம் உண்டு. இல்லாத உறுப்பொன்று இருக்கின்றதா எனப் பார்ப்பதற்காக அதன் பெறுமானத்தை வாசித்தாலே போதும்; அவ்வுறுப்பு உண்டாகிவிடும். பத்துப் பெயர்கள் உள்ள பட்டியலில் பத்து இலட்சம் பெயர்களை இவ்வாறு தேடினால், முடிவில் அப்பட்டியல் பத்து இலட்சம் வெற்றுறுப்புக்களைச் சுமந்து நிற்கும். 'உண்டா' என்ற வினாவே 'உண்டு' என்ற விடையைப் படைத்துவிடுகின்றது. உறுப்பை உண்டாக்காமல் வினவுவதற்கென வேறொரு செயலியை மொழி வழங்க வேண்டியதாயிற்று.

இம்மூவரும் 1988 இல் வெளியிட்ட நூலின் முதலாவது எடுத்துக்காட்டை இவ்விடத்தில் நோக்குதல் தகும். அது ஒரு கூலிப் பட்டியல்: பணியாளரின் பெயர், மணிக்கூலி, வேலை செய்த மணித்தியாலங்கள் என ஒவ்வொரு வரியிலும் மூன்று நிரல்கள் உண்டு. மணித்தியாலம் பூச்சியத்திலும் கூடியவர்களைத் தேர்ந்து அவர்க்குரிய கூலியைக் கணிப்பது முதல் நிரலின் வேலை. எடுத்துக்காட்டு என்ற அளவில் இதிற் குறை காண்பதற்கில்லை. ஆயினும் ஒரு வரியில் மூன்றாவது நிரல் எழுதப்படாமலே விடப்பட்டது எனக் கொள்வோம். பதிவாளர் மறந்திருக்கலாம், தாள் கிழிந்திருக்கலாம். ஓக் அவ்வின்மையைப் பூச்சியத்துக்குச் சமமெனக் கொள்ளும். வேலைக்கு வராத தொழிலாளியும், வேலை செய்தும் அவ்வேலை பதியப்படாத தொழிலாளியும் ஒரே வகுப்பில் அடங்குவர். இருவருக்கும் கூலியில்லை. நிரல் பிழைச் செய்தி எதனையும் தராது. பட்டியல் ஒழுங்காகவே அச்சாகும்.

நமது வினாவின் சமூக உள்ளடக்கம் இங்குதான் வெளிப்படுகின்றது. 'பூச்சியம்' என்பது அறிவு. 'பதியப்படவில்லை' என்பது அறியாமை. அறியாமையை அறிவாக மாற்றும் விதி நிரல் எழுதுபவருக்கு ஒரு வரியை மிச்சப்படுத்துகின்றது. அவ்வரியின் விலையை அப்பட்டியலின் மறுபுறத்தே நிற்பவர் செலுத்துகின்றார்.

5

இவ்வாறாயின் எல்லாவற்றையும் நினைவகத்தின் விலை தீர்மானித்தது என்று கூறிவிடலாமா? அவ்வாறு கூறுவது கொச்சைப் பொருள்முதல்வாதமாகவே முடியும். ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே விலையில் நினைவகம் கிடைத்த சூழலில் தோன்றிய மொழிகள் ஒன்றுக்கொன்று முரணான விதிகளைக் கொண்டன. அவ்வேறுபாட்டுக்கு அவை எவருக்காக, எவ்வுழைப்புக்காக எழுந்தன என்பதையும் நோக்கவேண்டும்.

1987 இல் லாரி வோல் வெளியிட்ட பேர்ள், கணனித் தொகுதிகளைப் பராமரிப்போரின் அன்றாட வேலைக்கென எழுந்தது. ஓக்கின் தாராளத்தை அது உரிமையாகப் பெற்றது. ஆயினும் 'வரையறுக்கப்படாதது' என்பதற்கு அங்கு தனியொரு நிலை உண்டு. வினவினால் மொழி அதனைப் பூச்சியத்தினின்றும் பிரித்துக் கூறும். இன்றைய 64 பிற்று இயந்திரங்களில் வரையறுக்கப்படாத பேர்ள் மாறிக்கு 24 பைற்றுக்கள் கொண்ட தலைப்பகுதி மாத்திரம் உண்டு. பெறுமானத்தைத் தாங்கும் உடற்பகுதி இல்லை. அடுக்கடுக்காக அமைந்த தரவில் இல்லாத உட்பகுதியொன்றை வாசிக்க முற்படின், இடைப்பட்ட அடுக்குக்கள் தாமே தோன்றிவிடும். ஓக்கின் பழைய இயல்பு ஓரடுக்கு உயர்ந்து மீண்டும் நிகழ்ந்தது எனலாம்.

1991 இல் கைடோ வான் றொசம் வெளியிட்ட பைதன், ஆம்ஸ்ரடாம் நகரின் கணித, கணனி ஆய்வு நிலையத்தில் உருவானது. கற்பித்தலை முன்னிறுத்திய ஏ.பி.சி. என்ற மொழியில் அவர் பெற்ற அனுபவம் அதன் பின்புலமாகும். பெறுமானம் இடாத பெயரை வாசித்தால் பைதன் நின்றுவிடும்; பெயர் அறியப்படவில்லை எனச் சொல்லும். 'ஒன்றுமில்லை' என அறிந்தே எழுதுவதற்கு 'நண்' என்ற பெறுமானம் உண்டு. நிரல் முழுவதற்கும் அது ஒன்றே. 64 பிற்று இயந்திரத்தில் அதன் அளவு 16 பைற்றுக்கள். அதனைக் குறிக்கும் ஒவ்வோர் இடமும் 8 பைற்று முகவரி ஒன்றை மாத்திரம் வைத்திருக்கும். அம்முகவரிகள் எத்தனை என மொழிமாற்றி எண்ணிக்கொண்டே இருந்தது. ஒருபோதும் அழியாத ஒன்றின் பாவனையை இடையறாது எண்ணிய அவ்வீண் உழைப்பு 2023 இல் வெளிவந்த 3.12 ஆம் பதிப்புடன் நீக்கப்பட்டது.

லூவாவின் வரலாறு நமது நாடுகளின் வாசகர்க்குத் தனிக் கவனத்துக்குரியது. அது 1993 இல் பிறேசிலின் றியோ டி ஜெனெய்றோ கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் உருவானது. 1977 முதல் 1992 வரை கணனிப் பொருள்களின் இறக்குமதியைப் பிறேசில் கடுமையாகக் கட்டுப்படுத்தி வந்தது. வெளிநாட்டு மென்பொருளைத் தம் தேவைக்கேற்ப வாங்கித் திருத்துவது கடினமாயிருந்தமையால், அரச எண்ணெய் நிறுவனமான பெற்றோபிறாஸ் போன்றோரின் தேவைகளுக்கெனத் தம் கருவிகளைத் தாமே ஆக்கும் சூழல் அங்கு உருவாயிற்று. அவ்வாறு பிறந்த மொழி சிக்கனமானது. லூவாவில் இல்லாததும் 'நில்' என்பதும் ஒன்றே. அட்டவணையின் உறுப்பொன்றுக்கு 'நில்' என இட்டால் அவ்வுறுப்பு நீங்கிவிடும். அட்டவணை கைப்பற்றிய இடமோ உடனே சுருங்குவதில்லை. அடுத்த முறை அது மீள அடுக்கப்படும்வரை காத்திருக்கும். இன்மைகளின் வகையைக் குறைத்து மொழியை எளிதாக்கிய இவ்விதியில், 'அறிந்தே இல்லையென எழுதினேன்' என்று பதிவதற்கு இடமில்லை.

ஜாவாஸ்கிரிப்ட் இதற்கு நேர்மாறானது. 1995 இல் நெற்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் அதன் முதல் வடிவத்தைப் பத்து நாள்களில் எழுதினார். அங்கு இன்மைக்கு இரு பெயர்கள்: 'அன்டிபைன்ட்', 'நள்'. முன்னது பெறுமானம் இன்னும் இடப்படாமை. பின்னது பொருள் இல்லாமை. பெறுமானங்களைக் குறித்த முறையில் பொருளுக்குரிய அடையாளமும் பூச்சியம். வெற்றுச் சுட்டும் பூச்சியம். அதனால் 'நள்' என்பதன் வகையை வினவின் 'பொருள்' என்ற விடை வருகின்றது. அப்பிழையைத் திருத்தினால் ஏற்கெனவே எழுதப்பட்ட பக்கங்கள் பழுதாகும் என்பதால் இன்றுவரை அது திருத்தப்படவில்லை. போட்டிச் சந்தையின் அவசரம் ஒரு மொழியின் இலக்கணத்தில் நிலையான வடுவாகப் பதிந்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

6

எஞ்சிய எடுத்துக்காட்டு பி.எச்.பி. ஆகும். றாஸ்மஸ் லேர்டோவ் 1995 இல் வெளியிட்ட இம்மொழி, இணையப் பக்கங்களை ஆக்குவதற்கென எழுந்தது. 2015 இல் வந்த 7 ஆம் பதிப்பு முதல், சார்பொன்றில் வரும் ஒவ்வொரு மாறிக்கும் அச்சார்பு அழைக்கப்படும்போதே 16 பைற்று இடம் ஒதுக்கப்படுகின்றது. பெறுமானம் இடப்படாவிடின் 'வரையறுக்கப்படாதது' என்ற குறி மாத்திரம் அதிலிருக்கும். அதனை வாசித்தால் எச்சரிக்கை ஒன்று எழும், நிரலோ தொடரும்.

இம்மொழியின் தொடக்க காலத்தில், பக்கத்தைப் பார்வையிடுவோர் இணைய முகவரியுடன் சேர்த்து அனுப்பும் பெயர்களும் பெறுமானங்களும் நேரடியாக நிரலின் மாறிகளாகிவிடும் வசதி ஒன்று இருந்தது. கடவுச்சொல் சரியாயின் 'அனுமதி உண்டு' என ஒரு மாறியில் இடும் நிரலைக் கருதுவோம். கடவுச்சொல் பிழையாயின் அம்மாறி இடப்படாமலே இருக்கும். அதனைப் பொய்மை என மொழி கொள்ளும் என்று எழுதியவர் நம்பினார். ஆனால், வருபவர் முகவரியிலேயே அப்பெயரையும் ஒன்று என்ற பெறுமானத்தையும் சேர்த்தனுப்பினால், வெறுமையாய் விடப்பட்ட இடத்தில் அவர் விரும்பிய விடை வந்து அமர்ந்துவிடும். 2002 இல் 4.2 ஆம் பதிப்பில் இவ்வசதி இயல்புநிலையில் நிறுத்தப்பட்டது. 2012 இல் 5.4 ஆம் பதிப்பில் முற்றாக நீக்கப்பட்டது. வரையறுக்கப்படாத இடம் நடுநிலையானதன்று. முந்திக்கொள்ளும் வலிமையுடையவர் அதனைத் தமதாக்கிக் கொள்வர்.

7

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கும்போது ஒரு போக்குப் புலனாகின்றது. நினைவகம் அரிதாயிருந்தபோது இன்மைக்கு இடமளிக்கப்படவில்லை. மனித அவதானமே அதன் செலவைத் தாங்கியது. நினைவகம் மலிந்தபோது இன்மை பூச்சியமாகவும் வெறுந்தொடராகவும் வேடமிட்டுக்கொண்டது. எழுதுபவரின் உழைப்புக் குறைந்தது. பின்னர் அது தன் பெயரையும் 16 அல்லது 24 பைற்றுக்களையும் பெற்றது. 1998 இல் ஜோன் ஊஸ்டர்ஹவுட் ஸ்கிரிப்ட் மொழிகளை ஆதரித்து எழுதிய கட்டுரையின் சாரமும், இயந்திரம் விரைவடைய நிரலாளரின் நேரமே அருமையாகின்றது என்பதே. அவர் கூறியது உண்மையே. ஆனால் முழு உண்மையன்று. ஏனெனில், மிச்சப்படுத்தப்பட்ட உழைப்பு மறைந்துவிடவில்லை. 1994 இல் வந்த பேர்ள் 5 மாறிகளை அறிவிக்கக் கோரும் கண்டிப்பு முறையைத் தந்தது. 2009 இல் ஜாவாஸ்கிரிப்டும் அத்தகைய முறை ஒன்றைப் பெற்றது. 2012 இல் அதன்மீது தரவு வகைகளைச் சேர்க்கும் ரைப்ஸ்கிரிப்ட் வெளிவந்தது. 2015 இல் பைதனுக்கும் வகைக் குறிப்புக்கள் வந்தன. அறிவிக்கும் உழைப்பு வாசல் வழியே வெளியேறி, பிழை தேடும் உழைப்பாகச் சாளரத்தின் வழியே மீண்டதன் பின்னரே இவை தோன்றின.

கணனி நிரல் எழுதுவோர்க்கு மாத்திரம் உரிய பிரச்சினையாக இதனைக் கொள்ளலாகாது. கூலிப் பட்டியல், வாக்காளர் இடாப்பு, நிவாரண அட்டவணை என மக்களின் வாழ்வைத் தீர்மானிக்கும் பதிவுகள் யாவும் இன்று இத்தகைய நிரல்களினூடாகவே செல்கின்றன. அவற்றில் ஒரு பூச்சியத்தைக் காணும்போது, அது எண்ணிப் பெற்ற பூச்சியமா, எண்ணாமல் விட்ட பூச்சியமா என வினவுதல் இன்றைய ஆய்வாளரின் கடமையாகும். இன்மையை இன்மையென்றே பதிவதற்கு இன்றைய இயந்திரத்தில் 16 பைற்றுக்கள் போதும். அதனைச் செலவிட மறுப்பதற்கு நினைவகத்தின் அருமையை இனியும் காரணமாகக் காட்ட முடியாது.